கரையில் ஒரு கரி நெருப்பு

இயேசு மரி சூசை துணை

பாம்பன்,
உயிர்ப்பு வாரம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நல்ல சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அடுத்த வாரம் 15ஆம் தேதியிலிருந்து விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. நம்முடையது நாட்டுப்படகு, வல்லம்தானே, நமக்குத் தொழில் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயே, "வருஷா வருஷம் கேக்குற இயேசு உயிர்த்த கதைதானேப்பா, அதெப்படி ஒவ்வொரு தடவையும் அழுறீங்க?" என்று. அப்போது எனக்குப் பதில் வரவில்லை. இன்று காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை ராத்திரி, பாஸ்கா என்கிற உயிர்ப்புத் திருவிழாப் பூசைக்கு, நல்ல காற்று. கோயில் முற்றத்து மணலில் புதுத் தீ மூட்டுவதற்குள் பங்குச் சாமியார் பட்டபாடு கொஞ்சமில்லை. பாஸ்கா திரியில் ஏற்றி, "கிறிஸ்துவின் ஒளி" என்று பாடி உள்ளே வருவதற்குள் பாதிப் பேர் மெழுகுதிரி அணைந்துபோனது. அணைந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் பற்றவைத்துக்கொண்டார்கள். என் திரி மூன்று தடவை அணைந்தது. மூன்றாம் தடவை பற்றவைத்துத் தந்தது பத்து வயதுப் பையன், சிரட்டைக்குள் திரியை நிறுத்திக் கெட்டிக்காரத்தனமாகக் கொண்டுவந்திருந்தான். பெரிய வியாழனில் நின்றுபோன மணி, வானவர் கீதத்துக்கு மறுபடி அடித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆனால் நீ கேட்டதற்குப் பதில் அந்த ராத்திரியில் இல்லை, இன்று காலையில் வாசித்ததில் இருக்கிறது.

உயிர்ப்பு வாரத்து வெள்ளிக்கிழமைக்கு எப்போதும் யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரம்தான். தாயி, அந்த அதிகாரத்தைக் கடல் தெரிந்தவன்தான் சொல்லியிருக்க முடியும். இயேசுவின் சீடர்கள் ஏழு பேர் ராத்திரி முழுக்கத் தொழில் செய்தும் ஒரு மீன் படவில்லை. வெறும் வலையை ஏற்றுகிற கை எப்படிக் கனக்கும் என்று எனக்குத் தெரியும். விடிகிற நேரம், கரையில் ஒருவர் நிற்கிறார். முகம் தெரியவில்லை. மீன் ஒன்றும் படவில்லையா பிள்ளைகளே என்று கேட்கிறார். நம் கரையிலும் வல்லம் வந்ததும் முதலில் கேட்பது அதைத்தானே! வலப்பக்கம் போடச் சொல்கிறார். யார் எவர் என்று கேட்காமல் போடுகிறார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. தண்ணீரின் நிறம் மாறுவதைப் பார்த்து மீன் கூட்டம் கிடக்கிற இடத்தைக் கரையில் நிற்பவன் சொல்வதை நான் கரைவலையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். என் ஆச்சரியமெல்லாம் அதற்கப்புறம் நடப்பதில்தான்.

அவர் ஆண்டவர் என்று யோவான் சொன்னதும், வெறும் உடம்போடு இருந்த பேதுரு துணியை எடுத்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதிக்கிறார். கரை இருநூறு முழம்தான். நம் வடக்குக் கரையில் வல்லங்கள் கட்டிக் கிடக்குமே, ஏறக்குறைய அந்தத் தூரம். குதிக்கிறவன் இருக்கிற துணியைக் கழற்றுவான், இவர் உடுத்திக்கொண்டு குதிக்கிறார்! மரியாதையும் அவசரமும் ஒன்றாக வந்தால் மனுஷன் அப்படித்தான் செய்வான். இதை வாசிக்கும்போது சந்தோஷத்தில் எனக்கே குதிக்கவேண்டும்போல் இருக்கும்.

அப்புறம் மீனை எண்ணியிருக்கிறார்கள். பெரிய மீன், 153. ஒன்றிலிருந்து பதினேழு வரை கூட்டினால் 153 வரும் என்று புனித அகுஸ்தினார் விளக்கம் சொல்லியிருக்கிறார். நல்ல விளக்கம்தான். ஆனால் ஏழு பேர் தொழில் செய்தால் பங்கு வைக்க எண்ணித்தானே ஆகவேண்டும்? செத்து உயிர்த்தவர் கண்முன்னே நிற்கிறார், அந்த நேரத்திலும் ஒருவர் குனிந்து மீன் எண்ணிக்கொண்டிருக்கிறார். கட்டுக்கதை சொல்கிறவனுக்கு இந்த நினைப்பு வராது.

நான் அழுவது எங்கே தெரியுமா? அவர்கள் கரை ஏறிப் பார்க்கும்போது, அங்கே ஏற்கெனவே கரி நெருப்பு எரிகிறது. அதன்மேல் மீன். பக்கத்தில் அப்பம். இவர்கள் பிடித்த மீன் இன்னும் வலைக்குள்தான் கிடக்கிறது. சாவை ஜெயித்து வந்தவர், களைத்து வருகிற பிள்ளைகளுக்கு விடியற்காலையில் தானே அடுப்பு மூட்டிக் காத்திருக்கிறார். ஆணி பாய்ந்த கையால்தானே அந்த மீனைத் திருப்பிப் போட்டிருப்பார்? என் உள்ளங்கையில் தூண்டில் நரம்பு அறுத்த கோடுகள் இருக்கிறதே, சின்ன வயதில் விரல் வைத்து எண்ணுவாயே. அவர் அந்தத் தழும்புகளை அழித்துவிட்டு வரவில்லை. அதே உடம்போடு வந்து, சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டார்.

உடம்பு என்று சொல்லும்போது உன் அப்பத்தா ஞாபகம் வருகிறது. உன்னிடம் இதை நான் முழுதாகச் சொன்னதில்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் அவளுடைய அண்ணன் தனுஷ்கோடியில் இருந்தார். பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலே அன்றைக்குத் தண்ணீரோடு போய்விட்டது. அண்ணன் உடம்பு கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு ஊரே கல்லறைகளில் பூப்போட்டு மெழுகுதிரி ஏற்றும், அப்பத்தாவுக்கு அண்ணனுக்கென்று ஏற்ற ஓர் இடம் இல்லை.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடல் தன்னிடமுள்ள இறந்தவர்களை ஒப்புவித்தது என்று பைபிளில் திருவெளிப்பாடு 20ஆம் அதிகாரத்தில் வருகிறது. கோயிலில் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார் அதை வாசித்துக் காட்டிய நாளில், இன்னொரு தடவை வாசிங்க, இன்னொரு தடவை வாசிங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். அதிலிருந்து ஒவ்வொரு பாஸ்காவுக்கும் மந்திரித்த தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, பூசை முடிந்ததும் நேரே கரைக்குப் போவாள். முழங்கால் தண்ணீரில் நின்று கொஞ்சம் ஊற்றுவாள். நான் சின்னப் பையன், கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் அழமாட்டாள். முகத்தில் அவ்வளவு தெளிவு. போன வல்லம் திரும்பி வருகிறதா என்று பார்க்கிற பொம்பளை எப்படிப் பார்ப்பாளோ அப்படித்தான் கடலைப் பார்ப்பாள்.

இந்த வருஷம் அப்பத்தா இல்லாத முதல் பாஸ்கா. ராத்திரி பூசை முடிந்ததும் கால் தானாகக் கரைக்குப் போனது. கடலில் தூரத்தில் இரண்டு மூன்று வெளிச்சம். நான் ஊற்றினேன். ஆண்டவரே, உம்முடைய நெருப்பில் இவர்களுக்கும் மீன் வையும் என்று சொன்னேன். வேறு செபம் வாயில் வரவில்லை. மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

அடுத்த மாதம் அங்கே வருகிற பிள்ளையிடம் அம்மா நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடுகிறாள். ராத்திரி டியூட்டி முடிந்து வந்தால் உடனே படுத்துவிடாதே, சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

பாட்டிலில் இன்னும் பாதித் தண்ணீர் இருக்கிறது. திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். நீ வந்ததும் கரைக்குப் போவோம், இந்தத் தடவை நீ ஊற்று.

அன்புடன்,
அப்பா