ஒரு எஸ் படுத்தும் பாடு

ஆசிரியருக்கு,

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் போன வாரம் ஆங்கிலத் தேர்வுத் தாளோடு வந்தாள். 'மை ஃபாதர் கோ டு ஆபீஸ்' என்று எழுதியதில் 'கோ'வைச் சுற்றிச் சிவப்பு வட்டம், அரை மார்க் போச்சு. ஏன் தப்பு என்று கேட்டால் "கோஸ்னு வரணுமாம்பா" என்கிறாள், அதற்கு மேல் அவளுக்குத் தெரியவில்லை.

போகிறேன், போகிறாய், போகிறாள் என்று ஆளுக்கொரு விகுதி போட்டுப் பேசுகிற பிள்ளைக்கு இதைப் புரியவைப்பது அப்படியென்ன கஷ்டம்? ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இப்படிப் பல விகுதிகள் இருந்து, பெரும்பாலானவை உதிர்ந்துபோய், நிகழ்காலத்தில் அவன், அவள், அது மூன்றுக்கும் மட்டும் இந்த எஸ் தங்கிவிட்டது. 1611இல் வந்த ஆங்கில பைபிளில் அதுகூட இல்லை, இன்றைய 'ஹி மேக்ஸ்' அங்கே 'ஹி மேக்கெத்' என்றுதான் இருக்கிறது.

பெயர்ச்சொல்லில் எஸ் வந்தால் பன்மை, வினையில் வந்தால் ஒருமை. 'பாய்ஸ் ரன்ஸ்' என்று எழுதிவிடுவது இந்தக் குழப்பத்தால்தான். அப்புறம், கேள்வி கேட்டால் எஸ் 'டஸ்'ஸுக்குத் தாவிவிடும். 'டஸ் ஹி கோஸ்' என்பது ஒரே ஆளுக்கு இரண்டு டிக்கெட் எடுத்த மாதிரி. 'கேன்', 'மஸ்ட்' வந்தால் எஸ்ஸே கிடையாது.

வங்கிக்கு எழுதிய கடிதத்தில் 'மை வைஃப் ஹேவ்' என்று எழுதியவன்தான் நானும். சிவப்பு வட்டத்தோடு நிறுத்தாமல், தமிழ் விகுதிகளைப் பக்கத்தில் எழுதிப்போட்டு ஆசிரியர்கள் ஒரு பீரியட் இதற்கு ஒதுக்கட்டும்.

- ஒரு வாசகர், விருதுநகர்