ஆறு நாளும் பூட்டிக் கிடக்கிற மண்டபத்தைத் திறக்கக் கை கொடுங்கள்

அன்பான சபை மக்களே, தோட்டத்தை விட்டு வெளியே போயிருக்கிற நம்ம உறவுகளே,

இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம் இருக்கிற நம்ம சின்ன ஆலயத்துக்குப் பின்னால் உள்ள பழைய மண்டபத்தைத் திருத்தி, கிழமையில் ஏழு நாளும் பிள்ளைகள் வந்து படிக்கிற இடமாக்கப் போகிறோம். அதற்குக் காசு வேண்டும். ஏன் இப்போது, ஏன் இதற்கு என்று கேட்பீர்கள். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது.

2020, 2021 கொரோனாக் காலம். பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள், பாடமெல்லாம் போனில். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில், கீழ் லயத்தில் சிக்னல் கிடையாது, மேட்டில் நம்ம ஆலயத்துப் படிக்கட்டில்தான் இரண்டு கோடு காட்டும். ஒரு நாள் பின்னேரம் நல்ல மழை. சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டிய மூன்று பிள்ளைகள் அந்தப் படியில் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி குடையைப் போனுக்குப் பிடிக்கிறாள், தன் முதுகு நனைவதைப் பார்க்கவில்லை. இன்னொருத்தி கொப்பியை மடிக்குள் மறைத்து வைத்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்து எழுதுகிறாள். அவர்களுக்குப் பின்னால் ஆலயக் கதவு. பூட்டியிருக்கிறது. சாவி எங்களிடம்தான் இருந்தது. உள்ளே கூட்டம் கூடக்கூடாது என்ற சட்டம் அப்போது இருந்தது உண்மை, ஆனால் மூன்று பிள்ளைகளை முன்மண்டபத்தில் தள்ளித் தள்ளி உட்கார வைக்க எங்களுக்குத் தோன்றவே இல்லை என்பதும் உண்மை. அந்தப் படிக்கட்டைக் கடந்து போகும்போதெல்லாம் இன்னும் மனசு குத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை கதையும் அப்படித்தான். காலை ஒன்பது மணி ஆராதனைக்குப் பெண்கள் வருவது குறைந்துகொண்டே போனபோது விசுவாசம் குறைந்துவிட்டது என்று பிரசங்கத்தில் சொன்னோம். அவர்கள் போனது கைக்காசுக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்க. நாள் சம்பளம் 1,350 ரூபாயானதே 2024இல்தான், அதையும் விலைவாசி தின்றுவிட்டது, பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க ஞாயிறும் மலை ஏறவேண்டியிருந்தது. போன வருசம் ஆராதனையைப் பின்னேரம் நாலரைக்கு மாற்றினோம். கொழுந்து நிறுத்துவிட்டு, குளித்து, ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

மாறுவது நம்ம சபைக்குப் புதுசு இல்லை. 1854இல், கோப்பிக் காலத்தில், இந்தத் தோட்டங்களில் ஊழியம் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் ‘தமிழ்க் கூலி மிஷன்’. பிறகு அந்தக் ‘கூலி’யை எடுத்துவிட்டு ‘தமிழ் சேர்ச் மிஷன்’ என்றார்கள். பழைய பெயரை அப்படியே வைத்திருப்பதுதான் பாரம்பரியம் என்று நம்மில் யாராவது சொல்வோமா? கத்தோலிக்கச் சகோதரர்கள் லத்தீனில் கேட்டுவந்த பூசை இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1960களில்தான் தமிழுக்கு வந்தது. சொந்த பாஷையில் ஜெபித்ததால் யாருடைய விசுவாசமும் கெட்டுப்போகவில்லை.

அந்தக் காலத்து உபதேசியார்மார் தோட்டம் தோட்டமாக நடந்து போனார்கள். ஜனங்கள் மலையிலிருந்து இறங்குகிற நேரம் எதுவோ அதுதான் அவர்களுக்கும் நேரம். பல தோட்டங்களில் மிஷன் பள்ளிக்கூடமும் வைத்தது. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாகி, பள்ளிக்கூடங்களும் படிப்படியாக அரசிடம் போனபிறகு நமக்கு ஞாயிறு மட்டும் மிஞ்சியது. பள்ளிக்கூடத்தை அரசு நடத்துவதுதான் சரி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் மற்ற ஆறு நாளும் இந்தக் கட்டடம் யாருக்கு என்று நாம் யோசிக்கவே இல்லை. இன்று இளையவர்கள் கொழும்புக் கடைகளில் வேலை செய்கிறார்கள், நத்தாருக்கு வருகிறார்கள், திரும்பிப் போய்விடுகிறார்கள். தங்கள் வாழ்க்கைக்கும் ஆலயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் கேட்டால் சொல்வதற்கு நம்மிடம் ஏதாவது இருக்கவேண்டாமா?

‘ஆலயத்தை டியூசன் கொட்டகை ஆக்கப் போறீங்களா’ என்று மூத்தவர் ஒருவர் கூட்டத்தில் கேட்டார். அவர் வருத்தம் புரிகிறது, அந்த மண்டபத்துக்குக் கல் சுமந்தவரே அவர்தான். ஆனால் ஒரே காம்பராவில் ஆறு பேர் படுத்து எழும்புகிற வீட்டில், டீவி சத்தத்துக்கு நடுவில், உயர்தரப் பரீட்சைக்கு ஒரு பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்?

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நம்ம லயங்களில் அதிகம் பேர் சைவ, இந்துக் குடும்பங்கள். அந்தப் பிள்ளைகளும் வருவார்கள், வரவேண்டும். படிக்க வருகிற பிள்ளையிடம் மதம் பேசமாட்டோம், ஞாயிற்றுக்கிழமை வா என்று கூப்பிடவும் மாட்டோம். இது குழுவில் எழுதிக் கையெழுத்து வைத்த முடிவு.

வேலை என்னவென்றால், ஒழுகுகிற தகரத்தை மாற்றவேண்டும், வயரிங் முழுதும் புதிதாகச் செய்யவேண்டும், பொம்பளைப் பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் போட்ட கழிவறை ஒன்று, மேசை, கதிரை, இணைய இணைப்பு, இரண்டு பழைய கணினி. மொத்தம் 14 இலட்சம் ரூபாய் வரும் என்று மேசன் பாஸ் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஐந்து பேர் மாறி மாறி எடுத்து மறுபடி மறுபடி ஏலத்துக்கே கொடுத்தார்கள், அந்தக் காசும் சேர்த்து இதுவரை 2 இலட்சத்து 60 ஆயிரம் கையில் இருக்கிறது. கூலி வேலையைச் சபை வாலிபர்களே சிரமதானமாகச் செய்கிறார்கள்.

கொழும்பில் இருப்பவர்களே, வெளிநாட்டில் வீட்டுவேலை செய்து அனுப்புகிற அக்காமாரே, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்குப் பிரிந்துபோய்க் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிற நம்ம சொந்தங்களே, உங்களால் முடிந்ததைக் கொடுங்கள். நூறு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு உண்டு. காசாக முடியாதவர்கள் ஒரு கதிரை, பழைய பாடப்புத்தகம், ஒரு சனிக்கிழமை என்று கொடுக்கலாம். வரவு செலவை மாதாமாதம் ஆலயக் கதவில் ஒட்டுவோம்.

அடுத்த பருவமழை தொடங்குமுன் கூரையை முடிக்கவேண்டும். மண்டபத்துக்கு இரண்டு சாவி செய்யச் சொல்லியிருக்கிறோம். ஒன்று போதகரிடம் இருக்கும், மற்றது கீழ் லயத்தில்.

இப்படிக்கு,
ஆலயக் கட்டடக் குழு