ஹெட்போன் விமர்சகர்களுக்கு: பாதி விலைக்காரனையும் பக்கத்தில் வையுங்கள்

தமிழில் ஹெட்போன்களைப் பற்றி வீடியோவும் கட்டுரையும் போடும் நண்பர்களுக்கு,

வணக்கம். டிரைவர் என்ற ஒலி எழுப்பும் பாகத்தில் பிளானர் வகை என்றால் என்ன, 300 ஓம் மின்தடை உள்ள ஹெட்போனைப் போனில் நேரடியாகச் செருகினால் சத்தம் ஏன் எழும்பமாட்டேன் என்கிறது என்பதையெல்லாம் எங்களில் பலர் உங்களிடம்தான் கற்றுக்கொண்டோம். அந்த நன்றியோடு ஒன்று கேட்கிறேன். விலை உயர்ந்த ஹெட்போன்களுக்கு "இந்த விலைக்கு இது சூப்பர்" என்று தீர்ப்புச் சொல்வதை நிறுத்துங்கள்.

ஒரு லட்ச ரூபாய் ஹெட்போனை இன்னொரு லட்ச ரூபாய் ஹெட்போனோடு மோதவிட்டால் இரண்டில் ஒன்று ஜெயிக்கத்தான் செய்யும். அதை வைத்து வாங்குபவர் எதை முடிவுசெய்வார்? அவரிடம் ஏற்கெனவே 25,000 ரூபாய்க்கு வாங்கிய ஒன்று இருக்கிறது. மேலே 75,000 போட்டால் காதுக்கு என்ன கூடுதலாகக் கிடைக்கும் என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்குப் பதில் வேண்டுமென்றால் கீழே இறங்கி ஒப்பிட வேண்டும்.

சென்ஹைசர் எச்டி 650-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பட்டியல் விலை 499 டாலராக இருந்தபோது, 2016 கடைசியில் மாஸ்டிராப் என்ற இணைய விற்பனை நிறுவனம் அதையே நிறம் மாற்றி, கேபிளைக் குட்டையாக்கி, எச்டி 6எக்ஸ்எக்ஸ் என்ற பெயரில் 199 டாலருக்கு விற்றது. டிரைவர் மாறவில்லை, ஒலியும் மாறவில்லை. அப்படியென்றால் அதுவரை 499-க்குத் "தகும்" என்று எழுதப்பட்டதெல்லாம் எதைப் பற்றிய பேச்சு? ஹைஃபைமேன் நிறுவனத்தின் சுந்தரா ஹெட்போனும் அப்படித்தான். 2018-இல் 499 டாலருக்கு வந்தது, சில ஆண்டுகளில் 300 டாலருக்குக் கிடைக்கத் தொடங்கியது. விலையை வைத்துச் சொன்ன தீர்ப்பு விலை இறங்கியதும் செல்லாததாகிவிடுகிறது. ஒலியைப் பற்றிச் சொன்னது மட்டும் நிற்கிறது.

2017-இல் ஜெரோன் பிரீபார்ட் என்பவர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தாழ்ந்த ஸ்தாயியிலிருந்து உச்ச ஸ்தாயி வரை எந்த ஒலி எவ்வளவு ஓங்கிக் கேட்கிறது என்பதற்கும் விற்பனை விலைக்கும் தொடர்பே தென்படவில்லை என்பது அவர் கண்ட முடிவு. விலை கூடினால் ஒலிச் சமநிலை தானாகக் கூடிவிடாது.

சென்ஹைசரின் எச்டி 800 இதற்கு நல்ல சான்று. 2009-இல் சுமார் 1,400 டாலருக்கு வந்த அது, இசையைத் தலைக்கு வெளியே விரித்துக் காட்டுவதில் இன்றும் பேசப்படுகிறது. ஆனால் 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம், அதாவது உச்ச ஸ்தாயியில், அதில் ஒரு கூர்மை உண்டு. ஒரு பெண் குரலில் "ஸ" வரும் இடங்களைப் போட்டுக் கேளுங்கள், ஒவ்வொன்றும் ஊசி போலக் குத்தும். ஆர்வலர்கள் உள்ளே ஃபெல்ட் துண்டுகளை ஒட்டி அதைத் தணித்தார்கள். அப்புறம் 2016-இல் வந்த எச்டி 800 எஸ்-இல் நிறுவனமே அந்தக் கூர்மையை உறிஞ்ச ஒரு அமைப்பை வைத்தது. அதற்காக அதை மோசமான ஹெட்போன் என்று சொல்லவில்லை. அந்த விரிவை அதில் பாதி விலையில் நான் கேட்டதில்லை. இப்படித்தான் எழுத வேண்டும் என்கிறேன்: எதில் முந்துகிறது, எதில் மலிவானதிடம் தோற்கிறது என்று இரண்டையும்.

ஒப்பிடும்போது சத்த அளவைச் சமமாக்குங்கள். இது மிக முக்கியம். கொஞ்சம் உரக்கக் கேட்பது எல்லோர் காதுக்கும் "தெளிவாக" இருப்பதாகவே தோன்றும். ஆம்பின் (ஹெட்போனுக்குச் சக்தி கொடுக்கும் ஆம்ப்ளிஃபையரின்) குமிழைத் தொடாமல் ஒன்றைக் கழற்றி இன்னொன்றைச் செருகினால், இம்பீடன்ஸும் (மின்தடை) சென்சிடிவிட்டியும் (கொடுக்கும் மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு) வேறாக இருப்பதால் இரண்டும் ஒரே சத்தத்தில் வராது. ஓர் அட்டையில் துளை போட்டு மைக்கைப் பொருத்தி, பிங்க் நாய்ஸ் என்ற இரைச்சல் போன்ற சோதனை ஒலியை ஓடவிட்டு, ஹெட்போனை அதன்மேல் கவிழ்த்து அளந்தாலே ஓரளவு சரியாகிவிடும். முடிந்தால் வீட்டில் யாரையாவது மாற்றி மாட்டிவிடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எடையிலும் பிடியிலும் எது எது என்று தெரிந்துபோகும்தான், ஆனாலும் விலைச்சீட்டைப் பார்த்துக்கொண்டு கேட்பதைவிட அது மேல்.

ஆம்பையும் கணக்கில் சேருங்கள். 6,000 டாலருக்கு வந்த ஹைஃபைமேன் சுஸ்வாராவின் சென்சிடிவிட்டி 83 டெசிபெல், சுந்தராவினுடையது 94. இந்த 11 டெசிபெல் வித்தியாசத்தை ஈடுகட்டப் பத்து மடங்குக்கும் மேல் மின்சக்தி வேண்டும். நீங்கள் எந்த ஆம்பில் கேட்டீர்கள், அது என்ன விலை என்று சொல்லாவிட்டால் பாதி செலவு மறைந்துவிடுகிறது.

அப்புறம் உதிரிப் பாகங்கள். நம் ஊர் வியர்வைக்குச் செயற்கைத் தோல் இயர்பேட் சில வருடங்களில் கறுப்புத் தூளாக உதிர்ந்து காதில் ஒட்டும். 1997-இல் வந்த எச்டி 600-க்குப் பேட், கேபிள், தலைப்பட்டை மெத்தை எல்லாவற்றையும் கையாலேயே கழற்றி மாற்றலாம். நீங்கள் விமர்சிக்கும் புதுமாடலுக்கு இந்தியாவில் பேட் கிடைக்கிறதா, என்ன விலை, மாற்றினால் ஒலி மாறுகிறதா? அன்பாக்ஸிங்குக்குக் கொடுக்கும் நேரத்தில் கொஞ்சத்தை இதற்குக் கொடுத்தால் போதும்.

ஹெட்போன் யார் கொடுத்தது, திருப்பித் தர வேண்டுமா, கீழே உள்ள இணைப்பில் உங்களுக்குக் கமிஷன் உண்டா என்பதையும் வீடியோவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பொருளாதாயம் பெற்ற பதிவுகளில் அதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2021-இலேயே விதி வகுத்திருக்கிறது.

அடுத்து ஒரு லட்ச ரூபாய் ஹெட்போன் உங்கள் மேசைக்கு வரும்போது, பக்கத்தில் ஒரு எச்டி 600-ஐயோ சுந்தராவையோ வைத்து இந்த முறையில் ஒரே ஒரு வீடியோ செய்து பாருங்கள். விலை உயர்ந்தது எந்தப் பாட்டின் எந்த இடத்தில் ஜெயித்தது என்று நிமிடமும் நொடியும் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். நாங்களும் அதே இடத்தைப் போட்டுக் கேட்டுவிட்டு, எங்கள் காதுக்குப் பட்டதை உங்களுக்கு எழுதுகிறோம்.

அன்புடன்,
உங்கள் நேயர் ஒருவர்