80 கிராம் என்று எழுதித் தருவது ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

எங்கள் கடையைப் பற்றி இரண்டு வாரமாக நம் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த ஆடியோவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்ட பிறகும் வழக்கம்போல வந்து, ஒரு வார்த்தை பேசாமல் நாய்த் தீனி வாங்கிப் போனவர்களுக்கு முதலில் எங்கள் நன்றி. "உங்களைத் தெரியாதா, இதுக்கெல்லாம் எதுக்கு விளக்கம்" என்று சொன்னவர்களும் உண்டு. அந்த அன்பு பெரிது. ஆனாலும் பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால் எழுதுகிறோம்.

ஆடியோவில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி என்று எங்கள் கடையில் எழுதிக் கொடுத்த சீட்டுப்படி போட்டும் ஒரு வீட்டு ஸ்பிட்ஸ் நாய் நான்கு மாதத்தில் 5 கிலோவிலிருந்து 6.2 கிலோவாகிவிட்டது என்பது ஒன்று. அந்தச் செல்லத்தை நினைத்து எங்களுக்கும் கவலைதான். 5 கிலோ நாய்க்கு 1.2 கிலோ ஏறுவது, 60 கிலோ ஆளுக்கு 14 கிலோ ஏறுவதற்குச் சமம். மூட்டுக்கும் மூச்சுக்கும் அது தாங்காது. இரண்டாவது செய்திதான் மனதில் தைத்தது: "அளவைக் கூட்டிச் சொன்னாத்தானே பாக்கெட் சீக்கிரம் தீரும்."

கூட்டிச் சொன்னோமா என்று நீங்களே பாருங்கள். அந்த நாய்க்குப் போடும் தீனி பாக்கெட்டின் பின்பக்க அட்டவணையில் 5 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 110 கிராம் என்று இருக்கிறது. எங்கள் சீட்டில் இருப்பது 80 கிராம். நாளுக்கு 30 கிராம் குறைவு, மாதத்துக்கு 900 கிராம் குறைவு. பாக்கெட் சீக்கிரம் தீர வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அட்டவணையை அப்படியே படித்துக் காட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே. ஒவ்வொரு நாய்க்கும் எடை பார்த்து, கருத்தடை ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, மாடியிலேயே இருக்கிறதா என்றெல்லாம் கேட்டுச் சீட்டு எழுத வேண்டிய அவசியமே இல்லை.

அந்த 80 எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். இதில் தொழில் ரகசியம் எதுவும் கிடையாது. வீட்டில் ஃபோன் கால்குலேட்டரிலேயே போடலாம். நாயின் எடையை மூன்று முறை பெருக்குங்கள்: 5 × 5 × 5 = 125. வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் 3.34 வரும். அதை 70-ஆல் பெருக்கினால் 234. நாய் சும்மா படுத்திருந்தாலே ஒரு நாளைக்குத் தேவைப்படும் கலோரி இது. மருத்துவர்களும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். எடை இரண்டு மடங்கானால் தீனியும் இரண்டு மடங்கு என்று நினைப்பது தவறு. 10 கிலோ நாய்க்கு இதே கணக்கில் 394தான் வரும், 468 வராது. பெரிய நாயின் அளவைப் பாதியாக்கிச் சின்ன நாய்க்குப் போட்டால் குறைந்துபோவதும், சின்ன நாயின் அளவை இரட்டித்துப் பெரியதற்குப் போட்டால் கூடிப்போவதும் இதனால்தான்.

அந்த 234-ஐ நாயின் வாழ்க்கைக்கு ஏற்பப் பெருக்க வேண்டும். ஆபரேஷன் ஆகாமல் நன்றாக ஓடியாடும் வளர்ந்த நாய்க்கு 1.8, ஆபரேஷன் ஆனதற்கு 1.6, ஃபிளாட்டுக்குள் சோஃபாவிலிருந்து பால்கனிவரை மட்டும் நடப்பதற்கு 1.2 முதல் 1.4 வரை. பாக்கெட் அட்டவணைகள் பெரும்பாலும் ஓடியாடும் நாயை மனதில் வைத்துப் போட்டவை. அவை பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. நம் தெருவில் இருக்கும் நாய்களுக்கு அவை பொருந்துவதில்லை, அவ்வளவுதான். இந்த ஸ்பிட்ஸுக்கு 1.4 எடுத்தோம்: 328 கலோரி. பிஸ்கட், முட்டை என்று வீட்டில் எப்படியும் கொடுப்பீர்கள் என்பதால் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் மீதி 295. அந்தத் தீனியில் 100 கிராமுக்கு 370 கலோரி. ஆகவே 80 கிராம். ஒரு நாளைக்கு மொத்தமே அவ்வளவுதான், காலை 40, இரவு 40. ஒரு வேளைக்கு 80 என்று சிலர் படித்துவிடுகிறார்கள். இனிமேல் சீட்டில் "ஒரு நாளைக்கு" என்பதைச் சிவப்பு மையில் எழுதுகிறோம்.

தீனி மாறினால் கிராமும் மாறும் என்பதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். பல பாக்கெட்டுகளில் கலோரி அச்சிடுவதே இல்லை. அப்போது பின்னால் இருக்கும் சதவீதங்களை வைத்து நாமே கண்டுபிடிக்கலாம். புரதம் 24, கொழுப்பு 10, நார் 5, ஈரப்பதம் 10 என்று போட்டிருந்தால், சாம்பல், அதாவது தாது உப்புகள், 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கூட்டி 100-இலிருந்து கழித்தால் மிஞ்சும் 43 மாவுச்சத்து. புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 67, அதை 3.5-ஆல் பெருக்குங்கள். கொழுப்பு 10-ஐ 8.5-ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் 100 கிராமுக்கு ஏறக்குறைய 320 கலோரி. இதே ஸ்பிட்ஸ் இந்தத் தீனிக்கு மாறினால் 80 போதாது, 92 கிராம் வேண்டும். விலை உயர்ந்த தீனிக்கு மாறியவர்கள் பழைய அளவையே போடும்போது நாய் குண்டாவதும் இந்தக் கணக்கால்தான்.

நம் ஊரில் பாமரேனியன் என்று சொல்லி வாங்கும் நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். அசல் பாமரேனியன் 2, 3 கிலோவைத் தாண்டுவதே அபூர்வம். ஸ்பிட்ஸ் 5, 6 கிலோ இருக்கும், அதற்கு மேலும் போகும். பேரை வைத்து இணையத்தில் தேடி அளவெடுத்தால் நாய் பட்டினிதான் கிடக்கும். எடையை வைத்தே போடுங்கள்.

இனி, கணக்கில் வராமல் உள்ளே போவது. மாரி பிஸ்கட் ஒன்று சுமார் 25 கலோரி, அதாவது 7 கிராம் தீனி. நான்கு பிஸ்கட் என்றால் ஒரு நாள் ஒதுக்கீட்டில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. 100 கிராம் சோறு 130 கலோரி, அது 35 கிராம் தீனிக்குச் சமம். அவித்த முட்டை ஒன்று 20 கிராம் தீனிக்குச் சமம். பாட்டி தட்டிலிருந்து ஒரு உருண்டை, பையன் டியூஷன் முடிந்து வந்து இரண்டு பிஸ்கட், வாட்ச்மேன் அண்ணன் ஒரு துண்டு பன் என்று போனால், யாரும் அதிகம் கொடுக்கவில்லை, நாய் மட்டும் அதிகம் சாப்பிட்டிருக்கும். இதற்கு ஒரே வழிதான் வேலை செய்கிறது. காலையில் அன்றைய 80 கிராமையும் ஒரு டப்பாவில் நிறுத்துப் போட்டு மூடி வையுங்கள். வீட்டில் யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். சோறு போட்ட அன்று அதற்குச் சமமானதை டப்பாவிலிருந்து எடுத்துவிடுங்கள். ஊறவைத்துக் கொடுப்பவர்கள் ஊறுவதற்கு முன்பே நிறுங்கள். உலர்திராட்சை போட்ட கேசரி, பாயசம், வெங்காயம் பூண்டு சேர்ந்த குழம்புச் சோறு, சாக்லேட் இவற்றில் அளவு என்ற பேச்சே வேண்டாம், கொடுக்கவே கூடாது.

அளப்பதற்குச் சமையலறைத் தராசுதான் சரி. கப்பில் தலைதட்டி எடுப்பதற்கும் கோபுரமாக எடுப்பதற்கும் 20, 30 கிராம் வித்தியாசம் வரும். தீனி பொடி மணியாக இருந்தால் கப்பில் அதிகம் பிடிக்கும், பெரிய மணி குறைவாகப் பிடிக்கும். நான்கைந்து மாதமாக நாங்கள் கொடுத்துவரும் நீலக் கப், பழைய வெள்ளைக் கப்பைவிடச் சற்றுக் கூடக் கொள்ளும். சீட்டில் "தலைதட்டி 1 கப்" என்று இருப்பது வெள்ளைக் கப்புக்கு எழுதியது. கொண்டுவந்தால் 80-க்கு நேராகக் கோடு போட்டுத் தருகிறோம்.

கிராம் கணக்கு தொடக்கம் மட்டும்தான். சரியா தவறா என்று சொல்ல வேண்டியது நாயின் உடம்பு. ஸ்பிட்ஸ், ஷிட்சூ மாதிரி முடி அடர்ந்த நாய்களைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், முடி எல்லாவற்றையும் மறைத்துவிடும். கையை விரித்துப் புறங்கை விரல் எலும்புகளை மறுகையால் தடவிப் பாருங்கள். விலா அப்படித் தட்டுப்பட்டால் சரியான உடம்பு. மடக்கிய கைமுட்டியைத் தொடுவதுபோல் துருத்திக்கொண்டிருந்தால் மெலிவு. உள்ளங்கைப் பக்கம் தடவுவதுபோல் மெத்தென்று, அழுத்தித் தேடினால்தான் எலும்பு அகப்படுகிறது என்றால் குண்டு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரே நேரத்தில், சாப்பிடுவதற்கு முன் எடை பாருங்கள். ஏறினால் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள், தேவையில்லாமல் இறங்கினால் அதே அளவு கூட்டுங்கள். கருத்தடை ஆபரேஷன் முடிந்த பிறகு தேவை நான்கில் ஒரு பங்குவரை குறையும், பசி மட்டும் குறையாது. அந்த முதல் சில மாதங்களில்தான் பல நாய்கள் ஊதிவிடுகின்றன.

ஏற்கெனவே குண்டாகிவிட்ட நாயைப் பட்டினி போடாதீர்கள். அது இருக்க வேண்டிய எடைக்கு அந்த 70 கணக்கைப் போட்டு, வரும் கலோரியை மட்டும் கொடுங்கள். 5 கிலோவுக்கு இறங்க வேண்டிய நாய்க்கு 234 கலோரி, இந்தத் தீனியில் எல்லாம் சேர்த்து 63 கிராம். வாரத்துக்கு உடம்பு எடையில் 1 முதல் 2 சதவீதம் இறங்கினால் போதும். 6.2 கிலோ நாய்க்கு அது 60 முதல் 120 கிராம். ஒழுங்காக நிறுத்துப் போட்டும் இறங்கவில்லையென்றால் தைராய்டு பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் போங்கள். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனால் அதைவிட அவசரமாகப் போங்கள், பூச்சியாக இருக்கலாம், சர்க்கரையாகவும் இருக்கலாம்.

குட்டிகளுக்கு இந்தக் குறைக்கிற பேச்சே கிடையாது. அந்த 70 கணக்கில் வருவதை நான்கு மாதம் வரை 3-ஆல் பெருக்க வேண்டும், அதன் பிறகு வளர்ந்து முடியும்வரை 2. ஒரு கிலோ குட்டிக்கு 210 கலோரி, குட்டித் தீனியில் சுமார் 55 கிராம், நான்கு வேளையாகப் பிரித்து. சிவாவா, பாமரேனியன் மாதிரிக் குட்டிகள் ஒரு வேளை தவறினாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் தள்ளாடும், நடுங்கும். ஈறில் கொஞ்சம் தேன் தடவிக்கொண்டே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இந்த விஷயத்தில் கடைக்கு ஃபோன் பண்ணிக் காத்திருக்க வேண்டாம்.

ஆடியோ போட்ட குடும்பத்தின் மீது எங்களுக்கு வருத்தம் இல்லை. நாய் மீது பாசம் இருக்கிறவர்கள்தான் கோபப்படுவார்கள். அவர்களும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறோம். இத்தனை வருடமாகச் சின்னக் கடை என்று பார்க்காமல் ஆதரித்து, பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிவந்து அறிமுகப்படுத்திய உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

வருகிற சனிக்கிழமை முதல் மாலை 4 முதல் 7 மணிவரை முத்திரை போட்ட மேசைத் தராசில் எல்லா நாய்களுக்கும் இலவசமாக எடை பார்த்து, சீட்டைப் புதிதாக எழுதித் தருகிறோம். எங்களிடம் தீனி வாங்காதவர்களும் வரலாம். வரும்போது பழைய சீட்டு, இப்போது போடும் தீனியின் காலி பாக்கெட், வீட்டில் அளக்கும் கப் மூன்றையும் எடுத்து வாருங்கள். கப்பைக் கழுவினால் நன்றாகக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். ஈரம் இருந்தால் மணி ஒட்டிக்கொண்டு எடை தப்பும்.

அன்புடன்,
உங்கள் கடையிலிருந்து