துண்டுபட்ட பாக்கெட்டுகளின் செக்சம்: உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நாங்கள் பராமரித்துவரும் மெய்நிகர் சுவிட்ச் (மெய்நிகர் இயந்திரங்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் மென்பொருள்) வழியாகத் துண்டுகளாகச் செல்லும் யூடிபி (முன்கூட்டி இணைப்பு ஏற்படுத்தாமல் செய்தி அனுப்பும் இணையப் புரோட்டோகால்) செய்திகள், பெற வேண்டிய செயலியை எட்டாமலேயே போய்க்கொண்டிருந்த சிக்கல் தீர்ந்துவிட்டது. அதற்குக் கைகொடுத்தவர்களுக்கு, அவரவர் செய்தது இன்னதென்று குறிப்பிட்டே நன்றி சொல்ல விரும்புகிறோம்.

முதல் நன்றி, இணையதளப் பெயர்களுக்குரிய முகவரிகளைத் தரும் டிஎன்எஸ் சர்வர்களைக் கவனித்துக்கொள்ளும் அணிக்கு. சில பதில்கள் வரவில்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், 1,472 பைட் வரையுள்ள பதில்கள் ஒழுங்காகச் சேர்வதையும் அதற்கு மேல் ஒரு பைட் கூடினாலும் சேராததையும் அவர்கள் உறுதிசெய்து எழுதினார்கள். ஒரு பாக்கெட்டின் உச்ச அளவான 1,500 பைட் எம்டியூவில் ஐபி ஹெட்டருக்கு (முகவரி முதலியவை அடங்கிய தலைப்பகுதி) 20, யூடிபி ஹெட்டருக்கு 8 போக எஞ்சுவது அந்த 1,472 தான், அதை மீறும் செய்தி துண்டாகிவிடும் என்பதால், எங்கே தேட வேண்டும் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

சோதனை அணியிலுள்ள சகோதரிக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். 4,000 பைட் செய்தி ஒன்றை அனுப்பி, சுவிட்சுக்குள் நுழைந்த துண்டுகளையும் நெட்வொர்க் கார்டைக் கடந்து வெளியேறிய துண்டுகளையும் அவர் பைட் பைட்டாக ஒப்பிட்டார். யூடிபி ஹெட்டரோடு சேர்த்து 4,008 பைட்டாகும் அச்செய்தி 1,480, 1,480, 1,048 என மூன்றாகப் பிரிகிறது. யூடிபி ஹெட்டரும் அதிலுள்ள செக்சமும் (தரவு வழியில் பழுதாகவில்லை என்று சரிபார்க்க உதவும் கூட்டுத்தொகை) முதல் துண்டில் மட்டுமே இருக்க, யூடிபியைக் குறிக்கும் 17 என்னும் புரோட்டோகால் எண்ணோ மூன்று துண்டுகளின் ஐபி ஹெட்டரிலும் இருக்கிறது. சுவிட்சின் நிரல் அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் யூடிபி செக்சம் போடும்படி நெட்வொர்க் கார்டைப் பணித்திருக்கிறது. இதனால் முதல் துண்டில் சரியாக இருந்த செக்சம் அழிந்ததோடு, செய்தியின் 1,479, 1,480ஆம் பைட்டுகளும் 2,959, 2,960ஆம் பைட்டுகளும் மாறிப்போயிருந்தன. அந்த நான்கு எண்களைக் கண்ட பிறகு ஐயத்துக்கு இடமே இருக்கவில்லை.

பேட்சை, அதாவது பிழையைத் திருத்தும் நிரல் மாற்றத்தை, மறுஆய்வு செய்தவருக்கு அடுத்த நன்றி. செக்சம் போடும் வேலையை நெட்வொர்க் கார்டிடம் விடும் ஆஃப்லோடை முழுவதுமாக அணைத்துவிடலாம் என்ற யோசனையை, துண்டாகாமல் செல்லும் பெரும்பான்மைப் பாக்கெட்டுகள் எதற்காகத் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்று கேட்டு அவர் ஏற்க மறுத்தார். அது சரியான மறுப்பு. சுவிட்சே ஒரு பாக்கெட்டைத் துண்டாக்கும் இடத்தில், மெய்நிகர் இயந்திரம் பாதியில் விட்ட செக்சத்தை முதலில் நிறைவுசெய்துவிட வேண்டும், பிரித்த பின்னர் முழுத் தரவு எந்தத் துண்டிடமும் இராது என்பதையும் அவரே சுட்டிக்காட்டினார்.

பயிற்சிக்கு வந்திருந்த தம்பி ஒருவர், வந்து சேரும் துண்டுகளின் கூட்டுத்தொகையைத் தனித்தனியே கணக்கிட்டு இறுதியில் சேர்த்தாலே முழுச் செக்சத்தையும் சரிபார்க்க முடியும் என்று எழுதிக் காட்டினார். செக்சம் இரண்டிரண்டு பைட்டாகக் கூட்டப்படுகிறது; கடைசித் துண்டைத் தவிர மற்றவற்றின் நீளம் எட்டின் மடங்காகவே இருப்பதால் இணையில்லாத ஒற்றைப் பைட் தொல்லை இடையில் எழுவதில்லை. இந்தக் கணக்கின் இயல்பை 1988ஆம் ஆண்டின் இணையத் தொழில்நுட்ப ஆவணமான ஆர்எஃப்சி 1071இல் விளக்கிவைத்த பிரேடன், போர்மன், பார்ட்ரிட்ஜ் மூவரையும் இங்கே நன்றியோடு நினைக்கிறோம்.

பாக்கெட்டிலுள்ள ஐபி முகவரியை மாற்றுவதற்காக ஒன்றுசேர்த்த துண்டுகளை மீண்டும் பிரித்து அனுப்பும்போது, ஒவ்வொன்றின் ஐபி செக்சத்தையும் மாறிய முகவரியின் அளவுக்கு மட்டும் திருத்தும் முறையை ஓப்பன் விசுவிட்ச் என்னும் மெய்நிகர் சுவிட்ச் மென்பொருளின் திறந்த நிரலைப் படித்தே கற்றோம். அதை எழுதியவர்களுக்கும் எங்கள் நன்றி உரியது.

ஐபியின் புதிய பதிப்பான ஐபிவி6இல் யூடிபி செக்சம் பொதுவாகக் கட்டாயம் என்பதால் அதற்கான சோதனைகளைத் தனியே எழுதிவருகிறோம். அப்பணியை ஏற்றுள்ள இரு நண்பர்களுக்கும் எங்கள் அன்பும் நன்றியும்.

இவண்,
சுவிட்ச் பராமரிப்புக் குழுவினர்