குடல்வால் ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு ஸ்கேன்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) அழற்சி பற்றி நீங்கள் போட்ட மருத்துவக் கட்டுரையில் ஸ்கேன் விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எங்கள் குடியாத்தம் பக்கம் ஜனங்கள் திண்டாடுவதே அந்த இடத்தில்தான், அதனால் எழுதுகிறேன்.

வலது அடிவயிற்றில் வலி என்றாலே குடல்வால் என்று முடிவுகட்டிவிட முடியாது. சிறுநீர்க் குழாயில் கல் இறங்கினாலும் அங்கேதான் வலிக்கும், சிறுபிள்ளைகளுக்குக் குடலை ஒட்டி நெறி கட்டினாலும் அங்கேதான், பெண்களுக்கோ சினைப்பை நீர்க்கட்டி, கருக்குழாயில் தங்கிய கர்ப்பம் என்று இன்னும் பல. கையால் அழுத்திப் பார்த்தே ஆபரேஷன் செய்த காலத்தில், வெட்டி எடுத்ததில் ஐந்தில் ஒன்றுவரை நோயே இல்லாத குடல்வாலாக இருந்ததுண்டு, இளம்பெண்களிடம் இன்னும் அதிகம். ஸ்கேன் வந்த பிறகு அது வெகுவாகக் குறைந்தது.

என் அக்கா மகளுக்கு ராத்திரி வலி வந்தபோது ஓர் இடத்தில் உடனே ஆபரேஷன், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். ஸ்கேன் பார்க்கிறவர் காலையில்தான் வருவாராம். மாமா ஒத்துக்கொள்ளாமல் வேலூருக்குக் கூட்டிப் போனார். அங்கே ஸ்கேன் டாக்டர் வலிக்கிற இடத்தைப் பிள்ளையையே ஒரு விரலால் காட்டச் சொல்லி, ஜெல் தடவி, அதே இடத்தில் கருவியை மெல்ல மெல்ல அழுத்தி, குடலில் இருந்த காற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தார். வீங்கிய குடல்வால் பொதுவாக 6 மில்லிமீட்டரைத் தாண்டும், அழுத்தினால் அமுங்காது. இவளுக்கு அது நன்றாக அமுங்கியது. வலிக்குக் காரணம் உடைந்துபோன நீர்க்கட்டி. மருந்தோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதற்காக எடுத்ததுமே சி.டி. ஸ்கேன் வேண்டும் என்று அடம்பிடிக்கவும் கூடாது, அதில் கதிர்வீச்சு உண்டு. பிள்ளைகளுக்கும் இளம்பெண்களுக்கும் முதலில் ஜெல் தடவிப் பார்க்கிற சாதாரண வயிறு ஸ்கேன் (அல்ட்ராசவுண்ட்), அதில் தெளியாவிட்டால்தான் சி.டி., கர்ப்பிணி என்றால் எம்.ஆர்.ஐ. அப்புறம், ரிப்போர்ட்டில் ‘குடல்வால் தெரியவில்லை’ என்று இருந்தால் ஒன்றுமில்லையாம் என்று கிளம்பிவிடுகிறார்கள். பெருங்குடலுக்குப் பின்னால் மறைந்திருந்தாலும், உடம்பு பருமனாக இருந்தாலும், வாயு நிறைந்திருந்தாலும் அது கண்ணில் படாது. வலி கூடினால், காய்ச்சல் ஏறினால் மறுபடி காட்டியே ஆக வேண்டும். சூட்டு வலி என்று பேதிக்குக் கொடுப்பது பெரிய ஆபத்து. வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டால் ஸ்கேனுக்காக மணிக்கணக்கில் காத்திருக்கவும் நேரமில்லை, சர்ஜன் சொல்வதைக் கேட்க வேண்டியதுதான்.

வேலூர்க்காரர்களுக்குச் சரி, சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கிறது, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பீஞ்சமந்தை மலையிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் நடுராத்திரியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் ராத்திரியிலும் வயிறு ஸ்கேன் பார்க்க ஆள் இருக்கிறாரா என்று உங்கள் நிருபர்கள் நேரில் போய் விசாரித்து எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குடியாத்தம்