மருந்து பிடிக்கும்வரை என்னைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

இந்த மடலில் யார் பெயரும் வராது, என் பெயர் உட்பட. அபின் வகைப் போதையிலிருந்து மீளத் தரும் மெத்தடோன் என்ற மருந்தை நான் எடுக்கும் விஷயம் வேலையிடத்தில் ஒரு சிலருக்குத்தான் தெரியும். அவர்களும் அதை வாய் தவறிக்கூட வெளியே விட்டதில்லை. ஆனாலும் படிக்கும்போது 'இது நான்தானே' என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அது போதும்.

விஷயம் தெரியாமல் படிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாக: முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு எழுதிக் கொடுத்த ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரை, வலி போன பிறகும் என்னை விடவில்லை. அப்புறம் மாத்திரையோடும் நிற்கவில்லை. அந்தக் கதையை இங்கே நீட்டப்போவதில்லை. விழுந்த கதையைக் கேட்க எப்போதும் ஆள் உண்டு. சிகிச்சைக்கும் போய், காலை ஷிப்டுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்வது எப்படி என்று கேட்கத்தான் யாரும் இல்லை. நீங்கள் கைகொடுத்தது அந்த இடத்தில்.

முதலில் டாக்டர். முதல் நாள் நீங்கள் எழுதிய அளவைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. பழகிய போதை நின்றதால் உடம்பு முழுக்க மயிர்க்கூச்சம், மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர், நிறுத்த முடியாத கொட்டாவி. இந்த நிலையில் இருப்பவருக்கு இவ்வளவுதானா என்று கேட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. தொடக்க அளவு பொதுவாக 10 முதல் 30 மில்லிகிராம்தான், பெரும்பாலோருக்குக் கடைசியில் 60-இலிருந்து 120 வரை தேவைப்படும், ஆனால் அங்கே போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும் என்றீர்கள். உள்ளே போன மெத்தடோனில் பாதி வெளியேறவே ஏறத்தாழ ஒரு நாள், சிலருக்கு ஒன்றரை நாளுக்கு மேலும் ஆகுமாம். அதற்குள் அடுத்த நாள் மருந்து வந்து சேர்ந்துவிடும். அடியில் சின்ன ஓட்டை உள்ள தொட்டியில் தினமும் ஒரு குடம் ஊற்றுவது போல, அளவைக் கூட்டாமலே நான்கைந்து நாளைக்கு உள்ளே மட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். "இன்னைக்குப் பத்தாதுன்னு தோணுற அளவு, நாலு நாள் கழிச்சு உங்க மூச்சையே நிறுத்திடலாம்" என்றீர்கள். இந்தச் சிகிச்சையில் உயிருக்கு ஆபத்து அதிகமுள்ள காலம் முதல் இரண்டு வாரம்தான் என்பதை மறைக்காமல் சொன்னதற்கு என் முதல் நன்றி. பயமுறுத்தாமல் உண்மையைச் சொல்வது பெரிய கலை.

இதயத் துடிப்பின் தாளத்தை இந்த மருந்து சிலருக்கு மாற்றும் என்பதால் ஈசிஜி எடுக்கச் சொன்னீர்கள். தூக்க மாத்திரை, மது இரண்டையும் பற்றி ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டீர்கள். அப்போது அலுப்பாக இருந்தது. மூச்சை மந்தமாக்கும் இரண்டு பொருள்கள் ஒன்றாகச் சேர்வதுதான் பலரை எழுந்திருக்காமல் செய்கிறது என்று இப்போது தெரியும்.

ஆக, மருந்து மெதுவாகத்தான் ஏறும். ஷிப்ட் காத்திருக்காது. அந்த வாரங்களில் ஒரு நாள் மருந்து ஒரு நாள் முழுக்கத் தாங்கவில்லை. மாலை வரை சரியாக இருக்கும். இரவில் கால்கள் தானாக உதைக்கத் தொடங்கும். விடியும்போது மறுபடி கொட்டாவியும் வியர்வையும். அந்த உடம்போடுதான் கிளம்ப வேண்டும்.

அந்த அதிகாலையில் ஜன்னலுக்குப் பின்னால் நிற்கும் சிஸ்டர், உங்களுக்கு என்ன சொல்வது? சின்ன பிளாஸ்டிக் கோப்பையில் மருந்தை ஊற்றுவீர்கள். குடித்ததும் அதே கோப்பையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒட்டியிருப்பதையும் அலசிக் குடிக்கச் சொல்வீர்கள். அப்புறம் நாங்கள் ஏதாவது பேச வேண்டும். மருந்தை வாயில் அடக்கி வெளியே கொண்டுபோகவில்லை என்று உறுதிசெய்ய அது விதி. நீங்கள் நினைத்தால் 'பேரைச் சொல்லு' என்று முடித்திருக்கலாம். நீங்களோ தினமும் "இன்னைக்கு என்ன வேலை?" என்றுதான் கேட்டீர்கள். சோதனைதான் அது, எனக்கும் தெரியும். இருந்தாலும் வேலைக்குப் போகிற ஒருவரிடம் கேட்கிற கேள்வியை என்னிடம் கேட்டீர்கள். லாரி வருகிறது, கணக்கெடுப்பு இருக்கிறது என்று நானும் பதில் சொல்லிப் பழகிவிட்டேன்.

ஒருநாள் என் கண் செருகுவதைப் பார்த்துவிட்டு, டாக்டர் வந்து பார்க்கும்வரை மருந்து தர முடியாது என்றீர்கள். வேலைக்கு நேரமாகிறது என்று குரலை உயர்த்தினேன். "வேலைக்குச் சொல்லிக்கலாம்" என்றீர்கள், சொல்லவும் செய்தீர்கள். என்ன நோய், எந்த மருந்து என்று ஒரு வார்த்தை இல்லாமல், 'மருத்துவக் காரணத்தால் தாமதம்' என்று மட்டும்.

இனி மேற்பார்வையாளர் சார். நான் ஓட்டுவது ஃபோர்க்லிஃப்ட். மருந்து குடித்து இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில்தான் அதன் உச்சம். அதாவது கிடங்கில் சரக்கு ஏறி இறங்கும் மும்முரமான நேரம். அளவு நிலைப்படும்வரை இயந்திரம் தொடக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தை உங்கள் மேசையில் வைத்தபோது, கூடவே வேலையையும் வைத்துவிட்டு வரப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். நீங்கள் படித்தீர்கள். மடித்தீர்கள். "என்ன நோய்னு எனக்கு வேண்டாம். எத்தனை வாரம்னு மட்டும் சொல்லுங்க" என்றீர்கள். மறுநாள் என்னைச் சரக்கு சரிபார்க்கும் வேலைக்கு மாற்றி, ஷிப்ட் தொடக்கத்தை அரை மணி நேரம் தள்ளியும் வைத்தீர்கள். அந்த அரை மணி நேரம் இல்லையென்றால், மருந்தா வேலையா என்று தினம் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்திருக்கும். இப்படிப்பட்ட முடிவுகளில் மருந்துதான் தோற்கும்.

இதற்கு முன்பு வேறோர் இடத்தில் வேலை பார்த்தபோது இதே போன்ற கடிதத்துக்குக் கிடைத்த பதில் வேறு. அதைப் பற்றி எழுத இது இடமில்லை.

நிறுவன மருத்துவருக்கும் ஒரு வார்த்தை. சிறுநீர்ப் பரிசோதனை வந்தபோது நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அபின் வகைப் பொருள்களைத் தேடும் வழக்கமான சோதனையில் மெத்தடோன் தெரியாது, அதற்குத் தனிச் சோதனை உண்டு என்று விளக்கினீர்கள். என் மருந்துச் சீட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அந்தத் தகவலை உங்கள் அறையிலேயே நிறுத்திவிட்டீர்கள்.

என்னோடு ஷிப்ட் பார்க்கும் நண்பா, உனக்கு நன்றி சொன்னால் திட்டுவாய். பரவாயில்லை. காலையில் என் கைநடுக்கம் அடங்கும்வரை கனமான பெட்டிகளை நீ இழுத்துக்கொண்டாய். யாராவது கேட்டால் "முதுகு ஆபரேஷன் ஆனவர்" என்றாய். அது பொய்யும் இல்லை. உன் லாக்கரில், இந்த வகை மருந்து அளவு மீறி மூச்சை அடக்கினால் அதை முறிக்கும் நலோக்சோன் மூக்கு ஸ்பிரே வாங்கி வைத்திருப்பதை எனக்குச் சொல்லாமலே வைத்திருந்தாய். தற்செயலாகப் பார்த்துக் கேட்டபோது, பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாய்: மூச்சு மந்தமானால் ஒரு மூக்குத் துளையில் அடிக்க வேண்டும், விழித்துக்கொண்டாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டே ஆக வேண்டும், ஏனென்றால் நலோக்சோன் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் விட்டுவிடும், மெத்தடோனோ ஒரு நாளுக்கு மேல் உள்ளே இருக்கும். அதை நீ எடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை. ஆனால் அது அங்கே இருந்தது.

மருந்தாளுநரையும் விடக் கூடாது. சிறுநீர்த் தொற்றுக்கு வேறோர் இடத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதித் தந்தார்கள். சீட்டைப் பார்த்ததும் நீங்கள் தலையை ஆட்டினீர்கள். அது இரத்தத்தில் மெத்தடோனின் அளவை ஏற்றும், இதயத் தாளத்தையும் பாதிக்கும், இரண்டும் சேரக் கூடாது என்று அங்கேயே தொலைபேசியில் பேசி வேறு மருந்துக்கு மாற்றினீர்கள். எனக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மருந்து வரிசையில் எனக்கு முன்னால் நிற்கும் பெரியவரே, உங்களிடம் கற்றது தனி. தொடர்ந்து மூன்று நாள் விட்டுப்போனால் பழைய அளவைக் குடிக்காதே, உடம்பு அதற்குள் பழக்கத்தை இழந்திருக்கும், ஜன்னலில் சொல்லிவிடு என்று முதலில் சொன்னவர் நீங்கள். டாக்டரும் பிறகு அதையேதான் சொன்னார். வாய் வறட்சி பல்லைத் தின்றுவிடும், தண்ணீரைக் குடித்துக்கொண்டே இரு என்றதும் நீங்கள்தான். அப்புறம் மலச்சிக்கல். நன்றி மடலில் யாரும் இதை எழுத மாட்டார்கள், நான் எழுதுகிறேன். தண்ணீரும் நார்ச்சத்தும் போதாத நாளில் டாக்டரிடம் கூச்சப்படாமல் மலமிளக்கி கேள் என்றீர்கள். அந்த ஒரு யோசனைக்கே உங்களுக்குத் தனி மடல் போடலாம். வியர்வைக்கு மட்டும் உங்களிடமும் வழியில்லை. இன்னும் மாற்றுச்சட்டை எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.

கடைசியாக அக்கா. உன் வீட்டில்தான் இத்தனையும் நடந்தது. உறவில் ஒருவர் வந்து "ஒரு போதைய விட்டுட்டு இன்னொரு போதையா?" என்று கேட்டபோது நான் எழுந்து போய்விட்டேன். நீ உட்கார்ந்து பதில் சொன்னாய். 1960-களில் நியூயார்க்கில் டோல், நைஸ்வாண்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் ஹெராயினுக்கு அடிமையானவர்களுக்கு இதைத் தந்து பார்த்ததையும், அவர்களில் பலர் படிப்புக்கும் வேலைக்கும் திரும்பியதையும், 1965-இல் அது மருத்துவ இதழில் வந்ததையும் சொன்னாய். 2005-இல் உலகச் சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் மெத்தடோனைச் சேர்த்ததையும் சொன்னாய். இதையெல்லாம் எப்போது படித்தாய் என்று நான் கேட்கவே இல்லை.

அவர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். நாளைக்கே நிறுத்தினால் எனக்கு உடம்பு முடியாமல் போகும். உடம்பு இதையும் சார்ந்துதான் இருக்கிறது. ஆனால் முன்பு சில மணி நேரத்துக்கு ஒருமுறை அடுத்ததைத் தேடி ஓடினேன். பொய்யும் கடனும் அந்த ஓட்டத்தோடு வந்தவை. இப்போது காலையில் ஒரு கோப்பை. அளவு சரியாக நின்ற பிறகு மயக்கமும் இல்லை, நடுக்கமும் இல்லை. போதை என்பது மருந்தில் மட்டும் இல்லை, அது ஒருவருடைய ஒரு நாளை என்ன செய்கிறது என்பதிலும் இருக்கிறது என்பது என் கட்சி.

வீட்டுக்குக் கொண்டுபோக மருந்து தரத் தொடங்கியதும், கேட்காமலே பூட்டுள்ள பெட்டி ஒன்றை வாங்கி வைத்தாய். பெரியவர் ஒருவருக்கான ஒரு நாள் அளவு ஒரு குழந்தையின் உயிரை எடுக்கப் போதும். உன் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் என்னையும் என் மருந்தையும் வைத்துக்கொண்டாயே, அந்தத் துணிவுக்கு நன்றி என்ற சொல் சின்னதுதான். வேறு சொல் என்னிடம் இல்லை.

எப்போது நிறுத்தப் போகிறாய் என்று அன்போடு கேட்கிறவர்களுக்கு: அவசரம் இல்லை. நிறுத்தியதும் பழையபடி தொடங்கினால், தாங்கும் சக்தி குறைந்த உடம்பு முன்பு எடுத்த அதே அளவில் செத்துப்போகலாம். குறைக்கிற நாள் வந்தால் டாக்டரோடு சேர்ந்து மெல்லக் குறைப்பேன். வராவிட்டாலும் சரி.

மேற்பார்வையாளர் சார், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் இரவு ஷிப்ட் வருகிறது என்று கேள்விப்பட்டேன். மருந்து நேரத்தை எப்படி மாற்றிக்கொள்வது என்று சிஸ்டரிடம் பேசிவிட்டேன்; வழி இருக்கிறதாம். பட்டியலில் என் பெயரையும் தாராளமாகப் போடுங்கள்.

நன்றியுடன்,
உங்களில் ஒருவர்